புரசைவாக்கத்துத் தெருவும் ஆர்.கே.நாராயணின் எழுத்தும்

(பெரம்பூரில் நடந்த வாசகர் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வாசக நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் எழுதிய நாவலாசிரியர் ஆர்.கே.நாராயண் என்றதும் நமக்கு அவர் கற்பனையில் படைத்த மால்குடி என்ற ஊர் நினைவுக்கு வருகிறது. மால்குடி என்றதும் மைசூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறோம். அவர் வாழ்வின் பெரும்பகுதி மைசூரில் கழிந்ததால் அது இயல்புதான். ஆனால் 1906 அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் பிறந்த அந்தக் குழந்தை வளர்ந்தது, இங்கிருந்து ஓட்டேரியைத் தாண்டினால் வந்துவிடுகிற புரசைவாக்கத்தில், வெள்ளாளத் தெருவில் இருந்த பாட்டி வீட்டில். தந்தை மைசூர் சமஸ்தானத்தில் தலைமையாசிரியராக ஊர் ஊராக மாற்றலாகிக் கொண்டிருந்த காலம் அது. வீட்டில் ஒரு மயிலும் ஒரு குரங்கும் அவருக்குத் தோழர்கள். கணக்கும் புராணமும் சுலோகமும் சொல்லிக் கொடுத்தவர் பாட்டி. படித்தது அருகிலிருந்த லுத்தரன் மிஷன் பள்ளியில். அந்த வயதில் தெருவை வேடிக்கை பார்த்துப் பழகிய கண்தான் பிற்காலத்தில் நாவலையும் எழுதியது, பத்திரிகைப் பத்தியையும் எழுதியது என்பது என் துணிபு.

1930இல், பெங்களூரில், அதே பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி அவர் தம் முதல் நாவலைத் தொடங்கினார். முதலில் அவர் மனத்தில் தோன்றியது ஒரு சின்ன ரயில் நிலையம். ஊரும் பெயரும் அதைத் தொடர்ந்து வந்தன. லண்டனில் பதிப்பகங்கள் பல திருப்பியனுப்பிய அந்தக் கையெழுத்துப்படி, ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பர் ஒருவர் வழியாக ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் கையை அடைந்து, அவருடைய பரிந்துரையால் 1935இல் ‘சுவாமியும் நண்பர்களும்’ என நாம் அறியும் நாவலாக வெளிவந்தது. புகழ் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் கோயம்புத்தூரில், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ராஜம் என்ற பெண்ணைக் கண்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்ற தடையையும் மீறி மணந்துகொண்டார். (குழாயடியில் வரிசை நின்று வளர்ந்த நமக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.) குடும்பம் நடத்த வேண்டியிருந்ததால், நீதிக்கட்சியின் ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகைக்கு மைசூர்ச் செய்தியாளராக அலைந்தார். நீதிமன்ற வராந்தாவிலும் சந்தையிலும் நகராட்சிக் கூட்டத்திலும் செய்தி தேடிச் சுற்றிய அந்த நாட்களை எந்தக் கல்லூரிப் படிப்பையும்விட மேலானதாக நான் கருதுகிறேன். 1939இல் டைபாய்டு காய்ச்சல் ராஜத்தைக் கொண்டுபோயிற்று. அந்தத் துயரிலிருந்து எழுந்த ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ நாவல் 1945இல் வந்தது. அதை ஒரே மூச்சில் படிக்க என்னால் இன்றுவரை முடிந்ததில்லை.

‘தி இந்து’ நாளிதழின் ஞாயிறு பக்கங்களில் அவர் எழுதிய கட்டுரைகளை நம்மில் பலர் நாவல்களுக்கு அடுத்த படியில் வைக்கிறோம். நான் அப்படி வைக்கமாட்டேன். காபி, குடை, தலைவலி என்று அவர் எடுத்துக்கொண்டவை எல்லாம் வீட்டுப் பொருள்கள், வீட்டுத் தொல்லைகள். வாரந்தோறும் குறித்த நாளுக்குள், குறித்த அளவுக்குள், பொதுவாசகர் எவருக்கும் புரியும்படி எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம்தான் அவருடைய வாக்கியத்துக்கு அந்த எளிமையைத் தந்தது என்று நினைக்கிறேன். 1958இல் வெளியாகி, 1960ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருதை ஆங்கில மொழிக்கு முதன்முறையாகப் பெற்றுத்தந்த ‘தி கைடு’ நாவலிலும் அந்த எளிமையே ஆள்கிறது. அலங்காரமான சொல் ஒன்றைத் தேடினாலும் அகப்படாது.

1986இல் அவர் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். புகழ்பெற்ற எழுத்தாளர் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்த அவையில், அவர் தம் கன்னிப்பேச்சில் எடுத்துக்கொண்ட பொருள் பள்ளிக் குழந்தைகளின் புத்தகப் பை. விடியுமுன் எழுப்பப்பட்டு, மூட்டையைச் சுமந்து கூன் விழுந்து நடக்கும் பிள்ளைகளின் நடையைக்கூட அவர் அங்கே வருணித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பத்தி ஒன்றுக்கு உரிய பொருளை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுசென்றார் என்றே அதை நான் புரிந்துகொள்கிறேன். பின்னர் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, 1993இல் கல்விச் சுமையைக் குறைப்பது பற்றிய தன் அறிக்கையை அளித்தது.

நாராயண் அந்தக் கன்னிப்பேச்சை நிகழ்த்தியபோது நான் இந்த வட்டாரப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய பேச்சைப் பற்றிப் படித்த மறுநாள், மாடிப்படி ஏறிவந்த ஒரு சிறுமியின் பையை வாங்கி என் தோளில் மாட்டிப் பார்த்தேன். அன்று மாலையே நாங்கள் நான்கு ஆசிரியர்கள் உட்கார்ந்து, கால அட்டவணையை மேசைமேல் விரித்து, எந்தெந்த நோட்டுகள் வகுப்பு அலமாரியிலேயே இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் குறிக்கத் தொடங்கினோம்.