யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

குடிநோயிலிருந்து மீள்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். கார்த்திகை நெருங்கினால் எங்களிடம் வரும் பெண்கள் பலர் ஒரே பேச்சைப் பேசுவார்கள். "இந்த வருஷம் மாலை போட்டுடுவார் மேடம். ஒரு மண்டலம் வீட்டுல நிம்மதி." அவர்கள் சொல்வது உண்மைதான். வருஷம் முழுக்கக் குடித்தவர் விடியற்காலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார், செருப்பில்லாமல் வேலைக்குப் போகிறார், பாட்டிலைத் தொடுவதே இல்லை. மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடை வாசலில் நிற்பவர்களும் உண்டு. அதுவும் உண்மை.

இதைக் காட்டி, பக்தியெல்லாம் வேஷம் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த ஒரு மண்டலத்தில் அவருக்கு என்னவெல்லாம் கிடைத்தது என்று பாருங்கள். நேற்றுவரை 'குடிகாரன்' என்று ஒதுங்கிப் போன தெரு, இன்று 'வாங்க சாமி' என்கிறது. தினமும் சாயங்காலம் போய் உட்கார ஒரு பஜனை இருக்கிறது. தடுமாறினால் கேட்க ஒரு குருசாமி இருக்கிறார். கூடவே நடக்க நாலு பேர் இருக்கிறார்கள். மாலையைக் கழற்றும்போது இவை எல்லாமே ஒரே நாளில் போய்விடுகின்றன. பிறகு அந்த மனிதர் எங்கே போவார்?

அவருக்கு மாலை கழற்றிய மறுநாளும் ஒரு கூட்டம் வேண்டும். மாலை போடாதவர்களுக்கும் வேண்டும். முஸ்லிம் சகோதரருக்கு, கிறிஸ்தவருக்கு, சாமியே இல்லை என்பவருக்கு, குடிப்பதை வெளியே சொல்லவே முடியாத பெண்ணுக்கு, எல்லாருக்கும் வேண்டும். அப்படிப்பட்ட கூட்டத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிக்கிறவர் மாலை போடுகிறேன், கோயிலில் கயிறு கட்டுகிறேன் என்று ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு அதைத் தாங்காமல் போகலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் கை நடுக்கம், வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, கடும் காய்ச்சல் எல்லாம் வரலாம். வீட்டில் இதைச் 'சாமி குத்தம்' என்று நினைத்துத் திருநீறு போட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். உயிரே போகக்கூடிய நிலை அது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விரதம் தாராளமாக இருக்கட்டும், டாக்டரைப் பார்த்துவிட்டு இருக்கட்டும்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அது 1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் தொடங்கியது. தொடங்கியவர்கள் இரண்டு பேர். பில் வில்சன் பங்குச் சந்தைக்காரர், பாப் ஸ்மித் அறுவை சிகிச்சை மருத்துவர். இருவரும் குடிநோயாளிகள். இருவரும் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் பழகியவர்கள். அதனால் குடியிலிருந்து மீளும் வழியாக ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகளை எழுதியபோது அவற்றில் கடவுள் நிறைய இருந்தார். 1939இல் அந்தப் படிகள் அடங்கிய புத்தகம் வெளிவருவதற்கு முன்னால் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. இன்னும் அழுத்தமாகக் கிறிஸ்தவத்தைச் சொல்ல வேண்டும் என்றார்கள் சிலர். ஜிம் பர்வெல் என்ற விற்பனைப் பிரதிநிதி, தீவிர நாத்திகர், கூட்டத்திலேயே எழுந்து கடவுள் பேச்சு வேண்டாம் என்று வாதாடியவர். அவரைத் துரத்திவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். ஆனால் அவர் இருந்தார், குடிக்காமலும் இருந்தார்.

அந்தச் சண்டையில்தான் 'நாங்கள் புரிந்துகொண்ட வகையில் கடவுள்' என்ற சொற்கள் படிகளுக்குள் வந்தன. 'முழந்தாளிட்டு' என்ற சொல் எடுக்கப்பட்டது. பிற்பாடு 'மரபுகள்' என்று அவர்கள் சொல்லும் அமைப்பு நெறிகளில் மூன்றாவதாக ஒரே ஒரு நிபந்தனை நின்றது: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், அவர் உறுப்பினர். கட்டணம், சாதி, மதம் எதையும் அங்கே கேட்பதில்லை. ஒரு நாத்திகர் எழுந்து நின்று மறுத்ததால் லட்சக்கணக்கான பக்தர்களுக்கும் சேர்த்துக் கதவு அகலமானது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

கதவு ஒரு முறை திறந்தால் அப்படியே நின்றுவிடாது. 2011இல் கனடாவின் டொராண்டோவில், படிகளிலிருந்து கடவுளை எடுத்துவிட்டார்கள் என்பதற்காக நாத்திகர் குழுக்களை ஏ.ஏ. கூட்டப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். வழக்கு மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போய், 2017இல்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு வருஷம்! அந்த ஆறு வருஷத்தில் பட்டியலைப் பார்த்துவிட்டு, தனக்கு இடமில்லை என்று திரும்பிப் போன ஒருவரையாவது நினைத்துப் பார்க்கிறேன். ஒருவரே போதும், வருத்தப்பட.

சென்னைக்கு வருவோம். திருமதி சாந்தி ரங்கநாதனின் கணவர் குடிநோயால் 1979இல் இறந்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் சாந்தி அம்மா தொடங்கிய மருத்துவ ஆய்வு நிறுவனம்தான் இன்று இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனையாக நாம் அறிந்தது. அவர்கள் 1980களின் கடைசியில் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய்ச் சிகிச்சை முகாம் போட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், நோயாளியை ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுபோகாமல் ஊரையே சிகிச்சைக்குள் சேர்த்தது. முகாம் முடிந்து அவர் நடக்கப்போவது அதே தெருவில்தானே?

எங்கள் கூட்டம் ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பறையில் இரவு ஏழரைக்கு நடக்கிறது. டாஸ்மாக் பத்து மணி வரை திறந்திருக்கும், கை அரிக்கிற நேரமும் அதுதான், அதனால் அந்த நேரம். போன கார்த்திகையில் ஒரு நாள், கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர் ஒருவரும் கறுப்புச் சட்டை போட்ட திராவிடர் கழகத்துப் பெரியவர் ஒருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத் தொடக்கத்தில் மன அமைதி வேண்டிச் சொல்லும் பிரார்த்தனை 'கடவுளே' என்று ஆரம்பிக்கும். பெரியவர் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு மீதியைச் சத்தமாகச் சொல்வார். மாற்ற முடியாததை ஏற்கும் அமைதி, மாற்றக் கூடியதை மாற்றும் துணிவு, இரண்டையும் பிரித்தறியும் அறிவு. பக்கத்தில் இருந்த சாமி அவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. குடியை எதிர்க்கச் சாமி வேண்டியதில்லை என்பதற்கு அந்தப் பெரியவருக்கு அவருடைய தலைவரே சாட்சி. காங்கிரசில் இருந்த காலத்தில் கள்ளுக்கு எதிராகத் தன் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர் பெரியார்.

ஆனால் கடவுள் விஷயத்தைவிட எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது டீ டம்ளர். காலனியிலிருந்து வந்த ஒருவர் பல வாரம் வாசல்படியிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டால் 'இருக்கட்டும்மா' என்பார். வாயால் கூப்பிட்டால் போதாது என்று பிறகு புரிந்தது. எல்லாரும் முறை வைத்து டீ போடுவது, எல்லாருடைய டம்ளரையும் கழுவுவது என்று ஆக்கினோம். இதற்காகவே வராமல் போனவர்களும் உண்டு. வாசல்படியில் நின்றவர் போட்ட டீயை, மேலத்தெருக்காரர் ஒருவர் முதல் ஆளாக எடுத்துக் குடித்தார். அடுத்த வாரம் வாசல்படிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் பகல் பொழுதுதான் அவர்களுக்குத் தோது. ஜீன் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி 1975இலேயே பெண்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கினார். ஆண் குடித்தால் 'ஐயோ பாவம்' என்று இரக்கப்படுகிற ஊர், பெண் குடித்தால் என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும்.

கூட்டங்களால் உண்டாகும் பயனை ஆராய்ந்து 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஏ.ஏ.வில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்று கண்டார்கள். அதை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கெல்லி வேறு ஆய்வுகளில், முக்கியமாக வேலை செய்வது பழகும் ஆட்கள் மாறுவதுதான் என்கிறார். நோய் முற்றியவர்களுக்கு ஆன்மிகமும் சேர்ந்து கைகொடுக்கிறது என்றும் சொல்கிறார். பஜனையில் கிடைப்பதும் பெஞ்சில் கிடைப்பதும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

உங்கள் ஊரில் ஒரு கூட்டம் தொடங்க நினைத்தால், கோயில் மண்டபமோ சர்ச் ஹாலோ மதரசா அறையோ, யார் இடம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே மதப் பிரசாரமோ கட்சிக் கொடியோ வேண்டாம். செலவை உறுப்பினர்களே போட்டுக்கொள்ளட்டும். திரும்பக் குடித்துவிட்டு வருகிறவரை 'ஏன் குடிச்சே' என்று கேட்காதீர்கள், 'சாப்பிட்டீங்களா' என்று கேளுங்கள். சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம். வீட்டில் உள்ளவர்களும் பேசலாம், குடிக்கிறவர் சம்மதிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

வணக்கம்.