விதைக்குத் தீயும் வேண்டும், புகையும் வேண்டும்: ஆஸ்திரேலிய நாட்டுச் செடிகளை முளைக்க வைக்கும் முறை

[காட்சி: மேசையில் ஒரு பேங்க்சியா கூம்பு, மிக நெருக்கத்தில்]

இந்தக் கட்டைக் கூம்பைப் பாருங்கள். காய்ந்து சாம்பல் நிறமான பூக்கள். அவற்றுக்கு நடுவே மூடிய உதடுகளைப் போலத் தடித்த விதைப்பைகள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் வளரும் பேங்க்சியா செர்ராட்டா என்ற மரத்தின் கூம்பு இது. 1770இல் சிட்னி அருகே பாட்டனி விரிகுடாவில் இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ் சேகரித்த செடிகளில் இந்த மரமும் ஒன்று. அவர் பெயரே இந்தப் பேரினத்துக்கு நிலைத்துவிட்டது. கத்தியால் நெம்பினால் விதைதான் சிதையும். காட்டில் இந்தப் பையைத் திறப்பது தீ.

அந்தச் சூட்டை நாம் ஓவனில் தரலாம். 120 முதல் 140 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வையுங்கள். பைகள் ஒவ்வொன்றாக வாய் பிளக்கும். ஆறியதும் இடுக்கியால் எடுங்கள்.

[காட்சி: இடுக்கி நுனியில் கறுப்பு விதை]

ஒரு பையில் இரண்டு விதைகள். நடுவே ஒரு கட்டைத் தகடு. அந்தத் தகட்டை விதை என்று நினைத்துவிடாதீர்கள். மெல்லிய சிறகுள்ள, கறுப்பானதுதான் விதை. அடம்பிடிக்கும் கூம்பை ஓரிரவு ஊறவைத்து, காயவிட்டு, மறுபடி சூடாக்குங்கள்.

வாட்டில் எனப்படும் ஆஸ்திரேலியச் சீகை மரத்தின் விதையுறை தண்ணீரை உள்ளே விடாது. கொதிநீரை ஊற்றி, இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை விதைக்கலாம். மற்றவற்றுக்கு இன்னொரு முறை கொதிநீர். யூகலிப்டஸ் அவ்வளவு வேலை வைக்காது. முற்றிய காய்களைக் காகிதப் பையில் போட்டுவைத்தால் சில நாட்களில் பொடி விதை உதிரும். ஆனால் பனிமலையில் வளரும் ஸ்னோ கம் என்ற யூகலிப்டஸின் விதையைச் சில வாரங்கள் ஈர மணலோடு குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

சில செடிகளுக்குப் புகை வேண்டும். புகையில் முளைப்பைத் தூண்டும் கரிகினோலைடு என்ற பொருளை மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்து 2004இல் வெளியிட்டார்கள். எத்தனை அழகான கண்டுபிடிப்பு! எரிந்த காடு தானே துளிர்ப்பதன் ரகசியம் அதில் இருக்கிறது.

செடிக்குச் செடி, இடத்துக்கு இடம் தேவை மாறுகிறது. அதனால்தான் சொல்கிறேன்: காயைப் பறிக்கும்போதே ஊர், தேதி, மண், உயரம் எல்லாவற்றையும் உறை மேல் எழுதிவிடுங்கள். தீயா, குளிரா, மழையா என்று அந்தக் குறிப்பே வழிகாட்டும்.

தேசியப் பூங்காவில் பறிக்கக் கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அரசு நிலத்தில் நாட்டுச் செடியின் விதையை எடுக்க உரிமம் வேண்டும். தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் அனுமதி. ஒரு செடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மீதி அந்தக் காட்டுக்கு உரியது. புறப்படுமுன் காலணி மண்ணைச் சுத்தம் செய்யுங்கள். பைட்டாப்தோரா என்ற வேரழுகல் நோய்க்கிருமி மண்ணோடு பரவி, பேங்க்சியா காடுகளைப் பட்டுப்போக வைக்கிறது.

நட்ட பிறகும் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியச் சீகை மரம் நீலகிரிப் புல்வெளிகளை எப்படி ஆக்கிரமித்தது என்று நமக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே, நியூ சவுத் வேல்ஸின் ஒரு சிறு பகுதிக்கு உரிய கூட்டமண்ட்ரா வாட்டில் பிற இடங்களில் களையாகப் பரவியிருக்கிறது.

[காட்சி: மணல் நிரப்பிய நாற்றுத் தட்டு]

தண்ணீர் தேங்காத மணற்கலவையில் விதையுங்கள். பொடி விதையை மேலாகத் தூவினால் போதும். பேங்க்சியா முளைக்கச் சில வாரங்கள் ஆகும், தட்டைக் கொட்டிவிடாதீர்கள். வித்திலைகளுக்குப் பின் அடுத்த சோடி இலை வந்ததும் ஆழமான தொட்டிக்கு மாற்றுங்கள். பாஸ்பரஸ் மிகுந்த உரம் பேங்க்சியாவுக்கு நஞ்சு. உரப்பையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டே வாங்குங்கள்.