பரிந்துரைக் கடிதத்துக்கு எந்த ஆசிரியர்கிட்ட கேட்கிறது?

அடுத்த கேள்வி, ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. மகள் சிங்கப்பூர்ல ஜேசி (தொடக்கக் கல்லூரி, பல்கலைக்கழகத்துக்கு முந்தின ரெண்டு வருஷம்) முதலாம் ஆண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க ரெண்டு ஆசிரியர் கடிதம் வேணும். "ஹெச்2 (ஏ-லெவல் முதன்மைப் பாட நிலை) கணக்குல ஏ வாங்குறா, ஆனா அந்த ஆசிரியருக்கு இவளை அவ்வளவாத் தெரியாது. ஜிபியில (ஜெனரல் பேப்பர், ஆங்கிலத்துல கட்டுரை எழுதுற பொதுப் பாடம்) பி, சிதான் வருது, ஆனா அந்த ஆசிரியர் இவளை நல்லா அறிஞ்சவர். யார்கிட்ட கேட்கலாம்? துறைத் தலைவர் எழுதினா மதிப்பு கூடுமா?"

ஜிபி ஆசிரியர்கிட்ட தாராளமா கேட்கலாம்மா. துறைத் தலைவர், உங்க மகளுக்கு டியூட்டோரியல் (சின்னக் குழு வகுப்பு) எடுத்திருந்தா மட்டும் கேளுங்க. பதவிக்காகக் கேட்க வேண்டாம்.

ஏன்னா, மதிப்பெண் ஏற்கெனவே டிரான்ஸ்கிரிப்ட்ல, அதாவது பள்ளி மதிப்பெண் பட்டியல்ல, போயிடும். அதுல இல்லாததைச் சொல்லத்தான் கடிதம். காமன் ஆப்ல (பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான இணைய விண்ணப்பம்) ஆசிரியர் கடிதத்தோட ஒரு மதிப்பீட்டு அட்டவணையும் இருக்கு. எழுத்துத் திறன், வகுப்புல கலந்து பேசுறது, பின்னடைவு வந்தா எப்படி எடுத்துக்கிறா, மத்தவங்க மேல அக்கறை, இப்படி ஒவ்வொண்ணுக்கும் முதல் 10 சதவீதமா, 5 சதவீதமா, 1 சதவீதமான்னு குறிக்கணும். "சொல்ல அடிப்படை இல்லை"ன்னும் ஒரு கட்டம் உண்டு. பிள்ளையைத் தெரியாத ஆசிரியர், நேர்மையானவரா இருந்தா, அந்தக் கட்டத்தைத்தான் தொட வேண்டியிருக்கும்.

ஜேசியில பலர் இங்கதான் தடுமாறுறாங்க. லெக்சர் எடுக்கிறவர் பிரமாதமாப் பாடம் நடத்தலாம், ஆனா அரங்கத்துல உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர்ல உங்க பிள்ளை யாருன்னு அவருக்குத் தெரியாது. டியூட்டோரியல் எடுத்து, கட்டுரை திருத்தி, கன்சல்டேஷன்ல பக்கத்துல உட்கார்ந்து பேசினவர்தான் எழுத முடியும். "கடின உழைப்பாளி, பணிவானவர்"னு எழுதினா அது யாருக்கு வேணும்னாலும் பொருந்தும். அதே ஆசிரியர், "கட்டாய வாக்களிப்பு பத்தின கட்டுரையில எதிர்வாதம் பலவீனமா இருக்குன்னு சொன்னேன், மறுவாரம் அந்தப் பத்தியை மட்டும் இல்ல, தன் முடிவையே மாத்தி எழுதிக்கிட்டு வந்தா"ன்னு எழுதினா, படிக்கிறவருக்கு ஒரு ஆள் தெரியுது. சி-யில இருந்து பி-க்கு ஏறின பாடத்துலதான் இப்படிச் சொல்ல நிறைய இருக்கும்.

ஆனா ரெண்டு கடிதமும் ஒரே பக்கம் சாயக் கூடாது. எம்ஐடி, கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருத்தர், மனிதவியல், சமூக அறிவியல் இல்லேன்னா மொழி ஆசிரியர் ஒருத்தர்னு கேட்குது. ஸ்டான்ஃபோர்ட் 11, 12ஆம் வகுப்பு ஆசிரியர்களை எதிர்பார்க்குது, அதாவது நம்ம ஜேசி ரெண்டு வருஷம். உயர்நிலைப் பள்ளியில பிரியமா இருந்த ஆசிரியரை அதனால விட்டுடுங்க. ஜேசியில தமிழ் எடுக்கிற பிள்ளைங்க தமிழாசிரியரைத் தயங்காமக் கேட்கலாம். கடிதம் ஆங்கிலத்துல இருக்கணும்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

கணக்கு ஆசிரியர் விஷயம்: உங்க மகள் இன்னும் முதலாம் ஆண்டுதானே? வாரம் ஒரு கன்சல்டேஷனுக்குப் போகட்டும். விடையைக் கேட்க இல்ல, தான் போட்ட வழியைக் காட்டி எங்க பிசகுதுன்னு கேட்க. ரெண்டு டேர்ம் போனா அவருக்கும் சொல்ல விஷயம் இருக்கும். அப்படியும் ஒட்டலேன்னா இயற்பியலோ வேதியியலோ எடுக்கிறவரைப் பாருங்க.

கேட்க வேண்டிய நேரம், ரெண்டாம் ஆண்டு ஜூன் விடுமுறைக்கு முன்னாடி. செப்டம்பர்ல பிரிலிம் (ஏ-லெவலுக்கு முந்தின பள்ளித் தேர்வு) தாள் திருத்துற வேலை குவிஞ்சுடும், முன்கூட்டிய விண்ணப்பங்கள் பலதுக்கு நவம்பர் 1 கடைசி நாள். நீங்க கேட்காதீங்கம்மா, மகளே நேர்ல போய்க் கேட்கணும். "எனக்கு வலுவான கடிதம் எழுத உங்களால முடியுமா?"ன்னு கேட்டா, அவருக்கு மறுக்கவும் இடம் இருக்கும். அவர் இழுத்தார்னா, நன்றி சொல்லிட்டு வேற ஒருத்தரைப் பார்க்கிறது நல்லது. ஒத்துக்கிட்டா ஒரு பக்கக் குறிப்பு கொடுங்க: அவர் வகுப்புல நடந்த ரெண்டு மூணு விஷயம், விண்ணப்பிக்கிற பாடம், கடைசித் தேதிகள். இணைப்பாட நடவடிக்கை, விருதுப் பட்டியல் எல்லாம் கொடுத்தா, அதையே திருப்பி எழுதிடுவாங்க, கடிதம் வீணாப் போயிடும்.

காமன் ஆப்ல ஆசிரியரை அழைக்கிறதுக்கு முன்னாடி, கடிதத்தைப் பார்க்கிற உரிமையை விட்டுக்கொடுக்கிறீங்களான்னு கேட்கும். விட்டுக்கொடுங்க. பிள்ளை பார்க்காத கடிதத்தைத்தான் பல்கலைக்கழகம் முழுசா நம்பும். பள்ளி கொடுக்கிற டெஸ்டிமோனியல் (பொது நற்சான்றிதழ்) வேற, இது வேற. அதை வச்சு இதைச் சரிக்கட்ட முடியாது.

பையன் வச்சிருக்கிறவங்க ஒண்ணு கவனிங்க. தேசிய சேவைக்குப் போயிட்டு அப்புறம் விண்ணப்பிக்கிறதா இருந்தாலும், ஆசிரியர்கிட்ட ஜேசி முடியிறதுக்குள்ள பேசிடுங்க. ரெண்டு வருஷத்துல அவர் வேற பள்ளிக்கு மாறிடலாம். நினைவு இருக்கும்போதே எழுதி வச்சுக்கச் சொல்லுங்க, மாறினாலும் தொடர்புகொள்ள எந்த மின்னஞ்சல்னு கேட்டு வாங்கிக்கோங்க.