லாப ஈவு வேறு, லாபம் வேறு: முதன்முறையாக யூனிட் டிரஸ்ட் வாங்குவோருக்கு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பலருடைய பணத்தை ஒன்றுதிரட்டி ஒரு நிறுவனம் நமக்காக முதலீடு செய்யும் நிதியே யூனிட் டிரஸ்ட்; அதில் நமக்குள்ள பங்கு யூனிட். நம் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் "சஹாம்" (மலாயில் பங்கு) என்று சொன்னவுடன் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஒன்றுதான். ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) ஒரு யூனிட் வாங்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை லாப ஈவு கணக்கில் ஏறும், போட்ட முதல் அப்படியே இருக்கும். 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அமானா சஹாம் மலேசியா அத்தகைய நிதிதான். அதில் யூனிட் விலை ஒரு வெள்ளியாகவே நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. விற்பனைக் கட்டணம் கிடையாது. லாப ஈவு விகிதம் மட்டும் ஆண்டுதோறும் மாறும். ஆனால் நினைத்த நேரத்தில் அதில் யூனிட் கிடைப்பதில்லை. அப்படிக் கிடைக்காதபோது, "இதுவும் சஹாம்தான்" என்று யாராவது சொன்னால், விலை நாள்தோறும் ஏறி இறங்கும் யூனிட் டிரஸ்ட் நிதியை அதே நம்பிக்கையோடு வாங்கிவிடுகிறோம். பெயரளவில் இரண்டும் யூனிட் டிரஸ்ட்டாக இருந்தாலும், குணத்தில் அவை வேறானவை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

என் அத்தைக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வங்கியில் நிரந்தர வைப்பு முதிர்ந்து கைக்கு வந்த 10,000 வெள்ளியை, வீட்டுக்கே வந்து பேசிய முகவர் ஒருவரின் சொல்லை நம்பி, பங்குச் சந்தை நிதி ஒன்றில் போட்டார். ஓராண்டு கழித்து நிறுவனத்திடமிருந்து வந்த கணக்கறிக்கையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். லாப ஈவாக 761 வெள்ளி 90 சென் கிடைத்திருந்தது. "ஏழரை விழுக்காட்டுக்கு மேல்! வங்கி எப்போதாவது இப்படிக் கொடுத்திருக்கிறதா?" என்று மகிழ்ச்சியோடு கேட்டார்.

அந்த அறிக்கையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். அவர் வாங்கிய நாளில் ஒரு யூனிட்டின் நிகரச் சொத்து மதிப்பு, அதாவது கட்டணம் சேராத விலை, 50 சென். விற்பனைக் கட்டணம், வாங்கும் யூனிட்டுகளின் மதிப்பில் 5 விழுக்காடு. ஆகவே 10,000 வெள்ளியில் 476 வெள்ளி 19 சென் முதல் நாளே கட்டணமாகப் போய்விட்டது. மீதி 9,523 வெள்ளி 81 சென்னுக்குத்தான் யூனிட் வாங்கப்பட்டது. ஓராண்டில் விலை 54 சென்னுக்கு உயர்ந்தது. அப்போது நிறுவனம் யூனிட்டுக்கு 4 சென் லாப ஈவு அறிவித்தது. அறிவித்ததும் யூனிட் விலை மீண்டும் 50 சென்னுக்கு இறங்கியது. அந்த 4 சென் வானத்திலிருந்து வரவில்லை. அத்தையின் யூனிட்டுக்குள் இருந்த பணமே வெளியே எடுத்து அவர் கையில் கொடுக்கப்பட்டது. கையில் உள்ளதையும் யூனிட் மதிப்பையும் கூட்டினால் 10,285 வெள்ளி 71 சென். போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் ஓராண்டு லாபம் 285 வெள்ளி 71 சென், அதாவது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. அத்தை சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை அவர் சொல்லவே இல்லையே" என்றார்.

லாப ஈவு கொடுப்பது தவறன்று. ஆனால் விலை மாறும் நிதியில் லாப ஈவு என்பது லாபத்தின் அளவுகோல் ஆகாது. "அடுத்த வாரம் லாப ஈவு அறிவிக்கப்போகிறார்கள், அதற்குள் வாங்கிவிடுங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரத்தால் உங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை என்பதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒவ்வொரு நிதிக்கும் புரோஸ்பெக்டஸ் என்னும் விளக்க நூல் உண்டு. அது நீளமானது, ஆகவே அதன் சாரத்தைச் சில பக்கங்களில் தரும் புராடக்ட் ஹைலைட்ஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கி, முதலில் அதைப் படியுங்கள். நிதி எதில் முதலீடு செய்கிறது, பங்குகளிலா, கடன் பத்திரங்களிலா, இரண்டும் கலந்தா, குறுகிய காலப் பணச் சந்தையிலா என்பது அதில் இருக்கும். பங்கு நிதி என்றால், ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படக்கூடிய பணத்தை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாக இருந்தாலும் வீட்டு முன்பணமாக இருந்தாலும், அதில் போடாதீர்கள் என்றே நான் சொல்வேன். 2008-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1,445 புள்ளிகளிலிருந்து 876 புள்ளிகளுக்கு, ஏறத்தாழ 39 விழுக்காடு இறங்கியது. அந்த இறக்கத்தை ஈடுகட்ட அது மீண்டும் 65 விழுக்காடு உயர வேண்டியிருந்தது. பொறுத்திருக்கக் கூடியவர்களுக்கு அது கடந்துபோன காலம். அந்த ஆண்டே பணம் தேவைப்பட்டவர்களுக்கோ அது நிரந்தர நட்டம்.

அடுத்து, அதே தாளில் ஒப்பீட்டுக் குறியீடு, அதாவது நிதியை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சந்தைக் குறியீடு, எது என்று குறிப்பிட்டிருப்பார்கள். நிதியின் திறமையை அளக்க வேண்டியது அந்தக் குறியீட்டோடுதான். சந்தை 15 விழுக்காடு உயர்ந்த ஆண்டில் 10 விழுக்காடு ஈட்டிய நிதி பின்தங்கிய நிதி. சந்தை 10 விழுக்காடு இறங்கிய ஆண்டில் 4 விழுக்காடு மட்டும் இழந்த நிதி நன்றாக நிர்வகிக்கப்பட்ட நிதி. ஓராண்டுக் கணக்கை மட்டும் காட்டினால் ஏற்காமல், மூன்று, ஐந்து, பத்து ஆண்டுக் கணக்குகளையும் கேளுங்கள்.

பிறகு கட்டணம். விற்பனைக் கட்டணம் ஒருமுறைதான்; நிர்வாகக் கட்டணம் ஆண்டுதோறும் உண்டு. பங்கு நிதிகளில் அது பெரும்பாலும் 1.5 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அது நாள்தோறும் சிறிது சிறிதாகக் கழிக்கப்பட்டு யூனிட் விலைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், நிதி நட்டமடைந்த ஆண்டிலும் அது போய்க்கொண்டிருப்பது நம் கண்ணில் படுவதில்லை. ஒரு நிதியை விற்று வேறு நிறுவனத்தின் நிதியை வாங்கச் சொல்லும் முகவரிடம், புதிதாக மீண்டும் விற்பனைக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து யூனிட் டிரஸ்ட்டில் போட நினைப்பவர்கள் இன்னும் கவனமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். வயதுக்கேற்ற அடிப்படைச் சேமிப்புக்கு, அதாவது அந்த வயதில் கணக்கில் விட்டுவைக்க வேண்டிய தொகைக்கு, மேல் உள்ள தொகையில் 30 விழுக்காடு வரை இதற்கு அனுமதி உண்டு. ஆனால் 2024-ஆம் ஆண்டுக்குச் சேமநிதி வாரியம் அறிவித்த லாப ஈவு 6.30 விழுக்காடு. 3 விழுக்காடு விற்பனைக் கட்டணம் கொடுத்து வெளியே எடுத்த பணம், முதல் ஆண்டில் அந்த 6.30 விழுக்காட்டுக்கு நிகராக நிற்பதற்கே நிதி ஏறத்தாழ 9.5 விழுக்காடு ஈட்ட வேண்டும். வாரியத்தின் ஐ-இன்வெஸ்ட் இணையவழியில் இந்தக் கட்டணம் 0.5 விழுக்காட்டுக்கு மேல் போகாது என்பதைப் பலர் அறியாமலேயே முகவரிடம் கையெழுத்திடுகிறார்கள்.

முகவர் மலேசிய முதலீட்டு நிர்வாகிகள் கூட்டமைப்பில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் ஒருபோதும் செலுத்தாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். ஒரு நிறுவனத்தின் யூனிட் டிரஸ்ட்டை முதன்முறையாக வாங்கும் தனிநபருக்கு, ஆறு வேலை நாள்களுக்குள் மனம் மாறி விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. அப்படி விலகினால் விற்பனைக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அத்தைக்கு அது தெரிந்திருக்கவில்லை. அண்மையில் யூனிட் வாங்கிய நேயர் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் விண்ணப்பப் படிவத்தை எடுத்து, அதிலுள்ள தேதியை இன்றே பாருங்கள்.

வணக்கம்.