கெட்டிக்காரன் புளுகும் மதமாற்றமும்

(வெள்ளவத்தையில் நடந்த ஒரு சர்வமதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவஸ்ரீ குருக்கள் அவர்களே, வணக்கத்துக்குரிய தேரர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, மழையையும் காலி வீதி நெரிசலையும் தாண்டி வந்திருக்கும் தாய்மாரே, பெரியோரே, பின்வரிசையில் கைபேசி பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயா என்னை அறிமுகம் செய்தபோது சொன்னதில் பாதிதான் உண்மை. இன்றைய தலைப்பே பொய்யைப் பற்றியது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அருட்தந்தை அவர்களுக்கு மட்டும் இரட்டிப்பு நன்றி. அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த பிறகும் வந்து முன்கதிரையில் இருக்கிறார். மாலை போட்ட மாதர் சங்கத்தாருக்கும், தேத்தண்ணீருக்கு ஒழுங்கு செய்த அன்பருக்கும் நன்றி.

சமயத்துக்கு ஆள் சேர்க்கப் பொய் சொல்லலாமா? இதை வரலாறு, சட்டம், நாம் செய்ய வேண்டியது என்று மூன்று பகுதியாகப் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம், நேரம் எவ்வளவு விடுகிறதென்று.

மதம் மாறுவது ஒரு மனிதரின் உரிமை. நமது அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை அதைத்தான் சொல்கிறது. படித்து, விசாரித்து, யோசித்து மாறுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். என் சொந்தத்திலேயே அப்படி மாறியவர்கள் உண்டு, பொங்கலுக்கு வருவார்கள், நத்தாருக்கு நாங்கள் போவோம். என் கோபமெல்லாம் ஒன்றோடுதான். எங்கே கூட்டிப்போகிறோம் என்று சொல்லாமல் கூட்டிப்போகிறவர், அந்த மனிதர் எடுக்க வேண்டிய முடிவை அவருக்குத் தெரியாமலே தான் எடுத்துவிடுகிறார். 'கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு' என்று எங்கள் ஆச்சி சொல்வா. இன்றைக்கு இதைப் பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு பெரியம்மா இருந்தா. முழங்கால் வலி. மாடிப்படி ஏறினால் முருகா, இறங்கினால் கந்தா. ஒருநாள் கதவடியில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது: 'மூட்டு வலிக்கு இலவச ஆலோசனை, எல்லோரும் வரலாம்.' யார் நடத்துகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. பெரியம்மா சேலையை மாற்றிக்கொண்டு போய்விட்டா. வாசலில் குத்துவிளக்கு, பன்னீர், சந்தனம். 'வாங்கோ ஆன்ரி' என்று இரண்டு பிள்ளைகள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். பெயர், விலாசம், எத்தனை பிள்ளைகள், எந்த நாட்டில் என்று எல்லாம் எழுதினார்கள். பெரியம்மாவுக்கு அது நல்ல பிடித்தது, ஏனென்றால் வீட்டில் யாரும் அவவிடம் இவ்வளவு விசாரிப்பதில்லை. முதல் கிழமை காலுக்குப் பயிற்சி. அடுத்த கிழமை கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி. அதற்கடுத்த கிழமை கண்ணை மூடிக்கொண்டு இருக்கும்போது பக்கத்தில் யாரோ சத்தமாகச் செபிக்கத் தொடங்கினார்கள். கண்ணைத் திறந்தால் மேளம், கிற்றார், கைதட்டல். 'ஆன்ரிக்கு எப்படி?' என்று கேட்டார்கள். 'பரவாயில்லை, கொஞ்சம் குறைவு' என்றா. அவ்வளவுதான், மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்து, 'உங்களுக்குக் கிடைத்த அற்புதத்தைச் சொல்லுங்கோ' என்றார் ஒருவர்.

பெரியம்மா இருபத்தைந்து வருடம் பாலர் வகுப்பு ஆசிரியை. மைக்குக்குப் பயப்படுகிற ஆளில்லை. சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, 'தம்பியவை, வலி குறைஞ்சது உண்மைதான். ரெண்டு நாளாய் நல்லாச் சித்தாலேப பூசினனான், படுக்கேக்க ரெண்டு பனடோலும் போட்டனான். ஆண்டவர் இதுக்காக இவ்வளவு தூரம் மினக்கெட்டிருக்கத் தேவையில்லை' என்றா!

(சபையில் நெடுநேரம் சிரிப்பு. அருட்தந்தையும் சிரித்தார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.)

பிறகு என்னிடம் சொன்னது: 'அதுகள் நல்ல பிள்ளையள் மோனை, தேத்தண்ணியும் ரோல்ஸும் தந்ததுகள். செபத்துக்கு வாங்கோ எண்டு முதலே சொல்லியிருந்தால் ஒருநாள் போய்ப் பார்த்திருப்பன்.' யேசுவின் மேல் அவவுக்கு ஒரு கோபமும் இல்லை. துண்டுப் பிரசுரத்தின் மேல்தான்.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்றேன். ஒரு புளுகு இருபது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் 'எசூர்வேதம்' என்று ஒரு பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதி புறப்பட்டது. பழைய வேதத்தின் மொழிபெயர்ப்பாம். அதில் ஒரு முனிவர் வியாசருக்கே புத்தி சொல்கிறார்: இந்த விக்கிரகங்கள் வேண்டாம், கடவுள் ஒருவரே என்று. பிரெஞ்சு அறிஞர் வோல்ற்றேர் அதை உண்மை வேதம் என்று நம்பி 1761இல் பாரிசில் அரச நூலகத்துக்குக் கொடுத்தார். 1778இல் அச்சாயிற்று. 1782இல் சொன்னரா என்ற பிரெஞ்சுப் பயணி, இது வேதமல்ல, வேதத்தின் பெயரில் பாதிரிமார் தரப்பில் எழுதப்பட்டது என்று போட்டுடைத்தார். 1822இல் ஆங்கில அதிகாரி எல்லிஸ் துரையின் கட்டுரை புதுச்சேரியில் இருந்த பிரதிகளை வைத்து அதை இன்னும் விரித்தது. எழுதியது யார் கை என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்குச் சுவையான இடம் வேறு. நம்மவரைத் திருச்சபைக்கு இழுப்பதற்கென்று கட்டிய பொய்யை எடுத்து, வோல்ற்றேர் அதே திருச்சபையை அடித்தார்! 'பாருங்கள், உங்கள் பைபிளுக்கு முன்னாலேயே இந்தியாவில் இவ்வளவு ஞானம் இருந்திருக்கிறது' என்று.

எல்லா வேடமும் ஒன்றல்ல. கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு யோசப் வாஸ் அடிகள் 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலம். 2015 ஜனவரி 14இல் நமது காலிமுகத்திடலில்தான் திருத்தந்தை அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் மறைத்தது அதிகாரியிடம், தன்னிடம் பூசைக்கு வந்த சனத்திடம் அல்ல. அதே ஒல்லாந்தர் காலத்தில் சைவர்களும் தேவாலயத் தோம்பில், அதாவது பதிவேட்டில், பெயர் பதிந்துவிட்டு, வீட்டில் விரதம் பிடித்து, சாப்பிட்ட இலையைக் கூரை இறப்பில் செருகி மறைத்ததாகச் சொல்வார்கள். ஞானஸ்நானம் இல்லாவிட்டால் உத்தியோகம் இல்லை என்று அரசாங்கம் நின்றால் சனம் வேறென்ன செய்யும்? அடிபடுகிறவன் தப்பச் சொல்கிற பொய்யையும், வலியோடு வந்த கிழவியிடம் சொல்கிற பொய்யையும் ஒரே தராசில் போட என்னால் முடியாது.

'பொய்மையும் வாய்மை இடத்த' என்று வள்ளுவரையே துணைக்கு இழுப்பார்கள். மிச்சத்தையும் படிக்கச் சொல்லுங்கள்: 'புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.' குற்றமில்லாத நன்மை. சேர்க்கிறவரின் கணக்கில் ஒரு தலை கூடுவது அந்த நன்மையா? இதை நான் மட்டும் சொல்லவில்லை. வத்திக்கானின் பல்சமய உரையாடல் பேரவையும், உலகத் திருச்சபைகள் மன்றமும், உலக நற்செய்திக் கூட்டணியும் 2011இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலும் இதைத்தான் சொல்கிறது: ஏமாற்றியும் வற்புறுத்தியும் ஊழியம் செய்வது நற்செய்திக்கே துரோகம். நம் பக்கத்திலும் சாமி வருகிறது, செய்வினை இருக்கிறது என்று சனத்தைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். குருக்கள் ஐயா தலையாட்டுகிறார்.

இரண்டாவது, சட்டம். 2004இல் ஜாதிக ஹெல உறுமய என்ற சிங்கள பௌத்தக் கட்சி கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் கொண்டுவந்தது. உயர் நீதிமன்றம் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்றது. அது சட்டமாகவில்லை. விரிவாகப் பேசக் குறிப்பு வைத்திருக்கிறேன், ஆனால் தலைவர் ஐயாவிடமிருந்து துண்டு வந்துவிட்டது. பொலிஸ்காரரை விட்டு பக்தியை அளக்கச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் நான் வந்த காரியம். ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்கியவர், சைவராகவே, நெற்றியில் நீறோடு. இரண்டு பேரும் யார் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கவில்லை. பின்னர் பாதிரிமாரின் மதமாற்றத்தை எதிர்த்து நின்றபோது நாவலர் செய்த முதல் பெரிய காரியம், 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் திறந்தது.

நமது பிள்ளைகள் ஞாயிறு காலையில் எங்கே? பௌத்தப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு தஹம் பாசல் என்ற சமயப் பள்ளிக்குப் போகிறார்கள், கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகிறார்கள். நம் பிள்ளைகள் பம்பலப்பிட்டியில் கணித டியூசனில்! தன் சமயத்தில் ஒரு தேவாரத்துக்குப் பொருள் தெரியாத பிள்ளையிடம் யார் எந்தப் புளுகைச் சொன்னாலும் எட்டு நாள் என்ன, எட்டு வருடம் ஓடும். ஞாயிறு காலை பதினொரு மணி வரை டியூசன் வேண்டாம், அறநெறிப் பாடசாலைக்கு விடுங்கள் என்று நிலையங்களின் உரிமையாளர்களைக் கேட்கிறோம். இதில் அருட்தந்தையும் மௌலவியும் எங்களோடு கையெழுத்து வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள், இன்றைய கூட்டத்தில் எனக்குப் பெரிய சந்தோசம் அதுதான். தாள்கள் வாசலில், தேத்தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பெற்றோர் பெயரையும் பிள்ளையின் வகுப்பையும் தெளிவாக எழுதுங்கள். என்ன தாள் என்று வாசித்துவிட்டே கையெழுத்து வையுங்கள். வணக்கம்.