அணியத்தில் மின்சார விண்ட்லஸ்: சங்கிலிக்கும் மின்சாரத்துக்கும் வழி அமைத்தல்

வணக்கம். மலேசியாவின் லங்காவித் தீவில் உள்ள தெலாகா துறைமுகத்தில் கட்டியிருக்கும் என் பாய்மரப் படகின் அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, பேசுகிறேன். இதுவரை கையால் இழுத்துவந்த நங்கூரத்தை இனி ஏற்றி இறக்கப்போகும் மின்சார விண்ட்லஸைப் பொருத்தும் வேலையை இன்று காட்டுகிறேன். தனியாகக் கடலோடுபவருக்கு இதைச் சொகுசுக் கருவி என்று நான் கருதவில்லை. நள்ளிரவில் காற்றுத் திசை மாறி, கரை படகுக்குப் பின்னால் வந்துவிட்டால், நங்கூரத்தை எடுத்து வேறிடத்தில் போட ஒருவர் தயங்கவே கூடாது. கையால் இழுக்க வேண்டியிருக்கும்போது தயக்கம் வரத்தான் செய்யும்.

எந்த அளவு வாங்குவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 8 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ எடையிருக்கும். 60 மீட்டர் சங்கிலிக்கு 84 கிலோ, நங்கூரத்துக்கு 20 கிலோ, ஆக 104 கிலோ. இதைப் போல மூன்று மடங்கு இழுவிசை கருவிக்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, சங்கிலியைப் பற்றி இழுக்கும் ஜிப்சிச் சக்கரம். 10 மி.மீ. சங்கிலியிலேயே ஜெர்மானியத் தரமான டின் 766-க்குக் கண்ணியின் உள்நீளம் 28 மி.மீ., சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 4565-க்கு 30 மி.மீ. இந்த 2 மி.மீ. வேறுபாடு போதும், சங்கிலி பற்களில் அமராமல் துள்ளி வழுக்கிவிடும். 8 மி.மீ. சங்கிலியில் இரண்டு தரத்துக்கும் 24 மி.மீ.தான் என்றாலும், கடைக்குப் போகும்போது ஒரு துண்டுச் சங்கிலியைக் கையோடு கொண்டுபோய்ச் சக்கரத்தில் வைத்துப் பாருங்கள்.

நான் தேர்ந்தெடுத்திருப்பது செங்குத்து வகை. இதில் சங்கிலி சக்கரத்தை அரைவட்டமாகச் சுற்றிவருவதால், கால்வட்டம் மட்டுமே சுற்றும் கிடைமட்ட வகையைவிடப் பிடிப்பு அதிகம். மோட்டாரும் தளத்துக்குக் கீழே உப்புத் தண்ணீர் படாமல் இருக்கும். ஆனால் சங்கிலி அறை ஆழமாக இருக்க வேண்டும். முழுச் சங்கிலியும் உள்ளே வந்து நெல் அம்பாரம் போலக் குவிந்த பிறகும், குவியலின் உச்சிக்கும், சங்கிலி உள்ளே இறங்கும் தளத்துத் துளைக்கும் இடையில் 30 செ.மீ.யாவது மிஞ்ச வேண்டும். கீழே தொங்கும் சங்கிலியின் எடைதான் அடுத்த கண்ணிகளைச் சக்கரத்திலிருந்து விடுவித்து உள்ளே இழுக்கிறது. அந்த இடைவெளி குறைந்தால் சங்கிலி துளையிலேயே அடைத்துக்கொள்ளும்.

இப்போது கேமராவைக் கீழே கொண்டுவருகிறேன். விண்ட்லஸுக்காகத் தளத்தில் வெட்டிய துளையின் விளிம்பைப் பாருங்கள்: மேலும் கீழும் கண்ணாடியிழை, நடுவில் வெளிறிய பழுப்பு நிறத்தில் பால்சா மரம். நகத்தால் கீறினால் உலர்ந்த தூள் உதிர்கிறது, ஆகவே இதுவரை நீர் புகவில்லை. இதை அப்படியே விட்டுப் போல்ட் முடுக்கினால், சில மழைக்காலங்களில் மரம் ஊறி அழுகி, தளமே மெத்தென்று ஆகிவிடும். அதனால் விளிம்பைச் சுற்றி மரத்தைக் குடைந்தெடுத்து, கெட்டியாகக் கலந்த எப்பாக்சியை நிரப்புகிறேன். போல்ட் துளைகளையும் முதலில் பெரிதாகப் போட்டு, எப்பாக்சியால் அடைத்து, அது இறுகிய பின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைக்க வேண்டும். அவசரப்படக் கூடாத வேலை இது. தளத்தின் அடியில் அகலமான தாங்குத் தகடு ஒன்றும் வேண்டும்.

அடுத்தது மின்சாரம். பலர் பணத்தை மிச்சப்படுத்த நினைப்பது இங்கேதான், அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 1000 வாட் மோட்டார், 12 வோல்ட்டில், பளு ஏறும்போது 100 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து அணியம் வரை 10 மீட்டர், போக வர 20 மீட்டர். 16 சதுர மி.மீ. கேபிள் போட்டால் வழியிலேயே 2 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். மோட்டார் திணறிச் சூடேறும். 50 சதுர மி.மீ. கேபிளில் இழப்பு 0.7 வோல்ட்தான். விலை கூடுதல் என்றாலும், வெள்ளீயம் பூசிய செப்புக் கேபிளையே வாங்குங்கள். அணியத்தில் தனி பேட்டரி வைப்போரும் உண்டு. அலையில் மூக்கு குத்தும் இடத்தில் அவ்வளவு எடையைச் சேர்க்க எனக்கு மனமில்லை. பிரேக்கர் பேட்டரிக்கு அருகில், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் சுற்றினால், நிறுத்த அது ஒன்றுதான் வழி.

நங்கூரம் போட்டபின் படகின் இழுப்பை விண்ட்லஸ் தாங்கக் கூடாது. நைலான் கயிற்றைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டி, மறுமுனையைத் தளத்தில் கயிறு கட்டும் முளையான கிளீட்டில் கட்டி, சங்கிலியைத் தளர்த்திவிடுங்கள். எடுக்கும்போதும் என்ஜினால் படகை மெல்ல முன்னே நகர்த்தித் தொய்ந்த சங்கிலியை மட்டும் சுற்றுங்கள்.

சோதித்துப் பார்க்க, என்ஜின் ஓடும்போது சங்கிலியை ஏற்றியபடி, பேட்டரி முனையிலும் மோட்டார் முனையிலும் வோல்ட்டை அளந்து பாருங்கள். வேறுபாடு நம் கணக்கைவிடக் கூடுதலாக இருந்தால் இணைப்பு ஒன்று சரியில்லை. பிரேக்கரை அணைத்துவிட்டு கேபிள் முனைகளில் உள்ள உலோக வளையங்களான லக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருப்பதை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள், அதாவது அழுத்திப் பொருத்துங்கள்.