ரகசியக் கோப்பைக் காட்டாமல் ஒருவரை விசாரிக்கலாமா?

[காட்சி: நாகர்கோவில் நீதிமன்ற வளாகம். வழக்கறிஞர் மேசைமேல் நூலால் கட்டிய நகல் கட்டு.]

வணக்கம். குழித்துறையில் ஓர் அடிதடி வழக்கு என்றால், குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலம், காயச் சான்று எல்லாவற்றின் நகலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகக் கிடைத்துவிடும். அவர் முன்னிலையான 14 நாட்களுக்குள் அவற்றைத் தரவேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230ஆம் பிரிவு. வழக்கறிஞர் அந்தத் தாள்களின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டுதான் குறுக்கு விசாரணைக்கு எழுகிறார்.

அதே கூண்டில், ரகசியத் தகவலை வெளியே அனுப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஓர் அரசு அதிகாரி நிற்கிறார். சான்றாவணமோ 'ரகசியம்' என்று முத்திரையிட்ட கோப்பு. அப்போது என்ன நடக்கும்?

1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம், 14ஆம் பிரிவின்படி, பொதுமக்களை வெளியேற்றிவிட்டு விசாரணை நடத்த இடமளிக்கிறது; தண்டனையை மட்டும் பலர் முன்னிலையில்தான் அறிவிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரையே வெளியேற்ற அந்தப் பிரிவு இடம் தரவில்லை.

உண்மையான சிக்கல், அரசுத் தரப்பு தாக்கல் செய்யாத தாள்களில் இருக்கிறது. "மேலதிகாரி சொல்லித்தான் அனுப்பினேன்" என்று அவர் வாதிட்டால், அதற்கான ஆதாரம் அலுவலகக் கோப்பின் குறிப்புப் பக்கத்தில், ஒரு பச்சை மைக் கையெழுத்தாக இருக்கும். பணியிடை நீக்கத்தில் இருப்பவரால் அந்த அறைக்குள் போகவும் முடியாது. வெளியிடப்படாத அரசு ஆவணத்தைச் சான்றாக்கத் துறைத் தலைவரின் அனுமதி வேண்டும் என்கிறது புதிய சாட்சியச் சட்டத்தின் 129ஆம் பிரிவு. குற்றம் சுமத்திய துறையிடமே, எதிர்வாதத்தின் சாவியும் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன், இஸ்ரோவின் கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த எரிபொருளில் இயங்கும் ராக்கெட் எந்திரம்) திட்டத்தை நடத்திவந்த நிலையில், 1994 நவம்பரில் உளவுக் குற்றச்சாட்டில் கைதாகி, 50 நாட்கள் சிறையில் இருந்தார். குற்றச்சாட்டு பொய் என்று 1996இல் சிபிஐ அறிக்கை தந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்த வழக்கு சாட்சி விசாரணைவரை போகவில்லை. போயிருந்தால், விற்கப்பட்டதாகச் சொன்ன தொழில்நுட்பம் நாட்டின் கையில் இருந்ததா இல்லையா என்பதை, ஆவணங்களைப் பார்க்காமல் அவர் எப்படி நிரூபித்திருப்பார்?

ரகசியம் எதுவுமே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ராணுவ நிலைகளும் உளவாளிகளின் பெயர்களும் காக்கப்பட வேண்டியவையே. ஆனால், ஆவணத்தை வெளியிட மறுக்கும் அரசின் உரிமையைப் பரிசீலிக்கும்போது நீதிமன்றம் தானே அதைப் பார்வையிடலாம் என்று ராஜ் நாராயண் வழக்கில் 1975லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிபதி பார்த்தால் மட்டும் போதாது என்பது என் கருத்து. அந்தக் கோப்பில் எந்த வரி தன்னைக் காக்கும் என்பது அதை எழுதியவருக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவில் இதற்கென்றே 1980இல் ஒரு சட்டம் வந்தது. ரகசியத் தாளுக்குப் பதில் சுருக்கம் தரலாம். அந்தச் சுருக்கத்தைக் கொண்டு அதே அளவு வலுவாக எதிர்வாதம் செய்ய முடியவேண்டும். முடியாமலும், அரசு தாளைத் தர மறுத்தும் நின்றால், நீதிபதி குற்றச்சாட்டையே தள்ளுபடி செய்யலாம். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில் சிக்கிய ராணுவ அதிகாரி ஆலிவர் நார்த்தின் வழக்கில், ரகசிய ஆவணங்களை வெளியிட அரசு இசையாததால், 1989 ஜனவரியில் முக்கியமான இரண்டு குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன.

காட்ட மனமில்லாத தாளை வைத்து வழக்கு நடத்தாதே என்று அரசிடம் வெளிப்படையாகச் சொல்லும் அப்படியொரு பிரிவு, நம் சட்டப் புத்தகத்திலும் எழுதப்பட வேண்டும்.